பெட்டிக்குள் எவ்வளவு காற்று? சிங்கப்பூர் இணையக் கடைகளும் பொதியும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனிலோ டன்லப் ஸ்திரீட்டிலோ உள்ள ஒரு கடையின் அலமாரியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். கண்ணாடி வளையல், குங்குமம், சூடம், ஊதுபத்தி, நல்லெண்ணெய், சாம்பார்ப் பொடி, முறுக்கு, பித்தளைக் குத்துவிளக்கு, பட்டுப் புடவை. நேரில் வந்து வாங்குபவருக்கு இவை அத்தனைக்கும் ஒரே பை போதும். உடையக்கூடியதை அவர் கையில் பிடித்துக்கொள்வார், எண்ணெய்ப் புட்டியை நிமிர்த்தி வைத்துக்கொள்வார், மழை வந்தால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எம்ஆர்டி நிலையத்துக்கு ஓடுவார். அதே பொருள்களை இணையத்தில் விற்கும்போது அந்தக் கை இல்லை. அந்தக் கை செய்த வேலை முழுவதையும் ஓர் அட்டைப்பெட்டியோ பாலித்தீன் உறையோ செய்தாக வேண்டும்.

எந்தப் பொருளுக்கு எந்தப் பொதி என்ற கேள்விக்கு இணையத்தில் ஆயிரம் பதில்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவின் உலர்ந்த கிடங்குகளையும் ஐரோப்பாவின் குப்பை மேலாண்மையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சிங்கப்பூரின் காற்று வேறு, வீடு வேறு, குப்பை போய்ச் சேரும் இடமும் வேறு. இங்கே பொதியைத் தேர்ந்தெடுக்க ஒரு வரிசை உண்டு என்பது என் துணிபு. முதலில் பண்டத்தைக் கெடுப்பது எது என்று பார்க்க வேண்டும். அடுத்து, பெட்டிக்குள் காற்றுக்கு இடம் விடாத அளவைத் தேட வேண்டும். காகிதமா, பிளாஸ்டிக்கா, மட்கும் உறையா என்ற கேள்வி மூன்றாவதாகத்தான் வரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘பசுமை’ என்று அச்சிட்ட உறையை முதலில் வாங்கிவிட்டு, பண்டத்தை அதற்குள் எப்படியாவது அடக்கப் பார்க்கிறார்கள்.

லசாடா 2012இலும் ஷாப்பி 2015இலும் தொடங்கின. பொதி விநியோகத்தில் இன்று பரவலாக அறியப்படும் நிஞ்சா வேன் 2014இல் சிங்கப்பூரில் பிறந்தது. ஆனாலும் லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரக் கடைகள் பலவற்றுக்கு நெடுங்காலம் இவற்றின் தேவை வரவில்லை; வார இறுதிக் கூட்டமே போதுமாயிருந்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அங்குள்ள பெரிய அங்காடியான முஸ்தஃபா மூடப்பட்டது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் கிருமிப்பரவல் முறியடிப்புக் காலம். அவ்வாண்டு தீபாவளிச் சந்தையும் நடக்கவில்லை. கடைக்கு ஆள் வராத அந்த மாதங்களில்தான் இணைய விற்பனை ஒரு துணைத் தொழில் என்ற நிலையிலிருந்து பிழைப்புக்கான வழியாக மாறியது. விற்பனைப் பக்கத்தை ஒரே நாளில் திறந்துவிடலாம். பொதி கட்டும் அறிவு அவ்வளவு விரைவாக வராது. இடமும் இல்லை. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடைவீடுகள் குறுகலானவை. பின்கட்டில் ஏற்கனவே அரிசி மூட்டை இருக்கும். பத்து அளவுப் பெட்டிகளை வாங்கி அடுக்கிவைக்க அங்கே சுவர் கிடையாது. இதை மறந்துவிட்டுச் சொல்லும் எந்த ஆலோசனையும் இந்தக் கடைகளுக்குப் பயன்படாது.

வழியில் என்ன நடக்கிறது

பொதியைச் சோதிப்பதற்கு உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் முறைகளை வகுத்தது இஸ்டா என்னும் பன்னாட்டுப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கம். அதன் அடிப்படைச் சோதனையில், ஏறத்தாழ 9.5 கிலோவுக்குக் குறைவான பொதியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுகிறார்கள். ஒரு மூலை, அந்த மூலையில் கூடும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு முகங்கள். 76 செ.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு மேசையின் உயரம். யாரும் வேண்டுமென்றே வீசத் தேவையில்லை. ஓடுபட்டையின் முனையிலோ வேனின் படியிலோ அந்த அளவு விழுவது இயல்பு. இந்தச் சோதனையைச் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டாம். விற்கப்போகும் பொருளைப் பொதித்து, கடையின் மேசையிலிருந்து பத்து முறை போட்டுவிட்டுத் திறந்து பார்த்தால் போதும். புதிய பொருள் ஒன்றை இணையத்தில் ஏற்றும் முன் ஒவ்வொரு கடையும் இதைச் செய்ய வேண்டும். ஒரு பொருள் உடைந்தாலும் அந்தப் பாடம் கடைக்குள்ளேயே முடிந்துவிடும்.

விழுவது ஒரு துன்பம் என்றால் அழுத்தம் இன்னொன்று. நம் பெட்டி அடுக்கின் மேலே இருக்குமா, அடியில் இருக்குமா என்பது நம் கையில் இல்லை. மூன்றாவது, சிங்கப்பூருக்கே உரியது: ஈரம். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டும்; விடியற்காலையில் 90ஐத் தாண்டும். கடைசியாகப் பொதி எங்கே வைக்கப்படுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஆள் இல்லையென்றால் வாசலில் உள்ள செருப்பு அலமாரியின் மேலோ மின்மானிப் பெட்டிக்குள்ளோ வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புவார்கள். நடைபாதை திறந்தது. சாரல் அடித்தால் பொதி நனையும். ஆகவே எவ்வளவு நல்ல காகித உறையானாலும், உள்ளே நனையக்கூடாத பொருள் இருந்தால், நீர் புகாத ஓர் அடுக்கு எங்காவது இருந்தே ஆக வேண்டும். வெளியே வேண்டியதில்லை, உள்ளே பொருளை ஒட்டி ஒரு மெல்லிய உறை இருந்தால் போதும்.

பண்டத்துக்குப் பண்டம்

மசாலாப் பொடியிலிருந்து தொடங்கலாம். அது உடையாது, நசுங்காது. அதனால் அதை அனுப்புவது எளிது என்று தோன்றும். அதன் பகை கண்ணுக்குத் தெரியாதது. சாதாரணப் பாலித்தீன் நீராவியை ஓரளவு தடுக்கும். ஆக்சிஜனையும் மணத்தையும் அவ்வளவாகத் தடுக்காது. மல்லியின் மணமும் சீரகத்தின் மணமும் உறையைக் கடந்து வெளியேறுகின்றன. அதே பெட்டியிலுள்ள புடவைக்கு அந்த மணம் ஏறுகிறது. மஞ்சளின் நிறம் தரும் குர்க்குமின் ஒளியில் மங்கும். மிளகாய்த்தூளின் சிவப்பும் ஒளியிலும் ஆக்சிஜனிலும் வெளுக்கும். எனவே ஒளிபுகும் பை கடையில் அழகு. அனுப்புவதற்கு அலுமினியத் தாளோ உலோகப் பூச்சோ உள்ள பல்லடுக்கு உறைதான் சரி. அந்த உறையை மறுசுழற்சி செய்வது கடினம் என்பது உண்மை. ஆனால் அதற்குள் இருக்கும் பொடி கெட்டுக் குப்பைக்குப் போனால், மல்லி விளைந்த வயலும் அதற்குப் பாய்ந்த நீரும் கப்பலேறி வந்த எரிபொருளும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. பண்டத்தின் சுமைக்கு முன் உறையின் சுமை சிறிது. பொதியைக் குறைப்பது பற்றிப் பேசுபவர்கள் இந்த ஓர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

உணவுப் பொருளில் இன்னொரு கடமையும் உண்டு. மூட்டையில் வாங்கிச் சிறு பொட்டலமாகப் பிரித்து விற்கும் கடைகள், பொருளின் பெயர், உள்ளடக்கம், ஒவ்வாமை தரும் பொருள்கள், நிகர எடை, விற்பவரின் பெயர் முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பவற்றை உறையில் அச்சிட வேண்டும். தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு அளவுக்கு மீறி இருந்ததாக எவரெஸ்ட் நிறுவனத்தின் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறுமாறு சிங்கப்பூர் உணவு அமைப்பு உத்தரவிட்டது. அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது, எந்தப் பொட்டலம் எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கடை எல்லாவற்றையும் கொட்ட வேண்டியிருக்கும்.

முறுக்கு, தட்டை, சீவல். இவற்றுக்கு இரண்டு பகை: உடைவது, சிக்கு வாடை. எண்ணெய்ப் பண்டம் ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் அந்த வாடை வருகிறது. பெரிய நிறுவனங்கள் உறைக்குள் நைட்ரஜன் நிரப்புவது இதற்காகத்தான். அந்த வாயுவே மெத்தையாகவும் நின்று உடையாமல் காக்கிறது. வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்பவர்களுக்கு அந்த இயந்திரம் எட்டாது. அவர்கள் தட்டையான முறுக்கை வட்டமான டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மேலே எஞ்சும் இடத்தைக் காகிதத்தால் அடைத்து மூடினாலே பாதிச் சிக்கல் தீரும். உடைவது பெரும்பாலும் மோதலால். மோத இடம் இருந்தால்தான் மோதும். வெற்றிடமாக்கும் இயந்திரத்தை முறுக்குக்குப் பயன்படுத்தக்கூடாது. உறிஞ்சும்போதே நொறுங்கிவிடும். பருப்புக்கும் மசாலாவுக்கும் அது நல்லது.

எண்ணெய், நெய், ஊறுகாய் ஆகியவை ஒழுகினால் ஒரு பொதி மட்டும் கெடாது. பிரிப்பு நிலையத்தில் பக்கத்தில் உள்ள முன்பின் அறியாதவரின் புத்தகமும் துணியும் சேர்ந்து கெடும். மூடியின் திருகுப் பகுதியைச் சுற்றி டேப், அதன் மேல் நன்றாக ஒட்டி மூடிய பை, அதைச் சுற்றி உறிஞ்சும் காகிதம் என்ற மூன்றும் வேண்டும். கண்ணாடிப் புட்டியைவிடத் தகர டின் பயணத்துக்கு ஏற்றது. கண்ணாடிதான் வேண்டும் என்றால் புட்டிக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 5 செ.மீ. மெத்தை வேண்டும்.

வளையலுக்கு வழி முன்பே இருக்கிறது. பிரோசாபாத்திலிருந்து வரும் கண்ணாடி வளையல்கள் காகிதச் சுருளில் கோத்து நூலால் இறுகக் கட்டப்பட்டு வருகின்றன. ஒன்றோடொன்று அசையாமல் சேர்ந்து நிற்பதே அவற்றின் பலம். கடையில் அந்தக் கட்டைப் பிரித்துப் பளபளப்பான டப்பாவில் தளர்வாக வைத்து அனுப்பும்போதுதான் உடைகின்றன. கட்டோடு அனுப்புங்கள். சுருளின் நடுத்துளையைக் காகிதத்தால் அடையுங்கள். நீண்ட பயணத்தைத் தாங்கிய கட்டு லிட்டில் இந்தியாவிலிருந்து தெம்பனிசு வரைக்கும் தாங்கும்.

குத்துவிளக்கின் சிக்கல் நேர்மாறானது. நாச்சியார்கோவில் விளக்குபோல அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, பிரபை என்று திருகிக் கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றித்தான் அனுப்ப வேண்டும். பித்தளை உடையாது, பெட்டியைத்தான் உடைக்கும். கனமான அடிப்பாகம் உள்ளே உருண்டால் மூன்றடுக்கு அட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், போகிற வழியில் பிரபையையும் வளைத்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சுற்றி, கனமானதை அடியில் இருத்தி, அசையாமல் பிடித்துக்கொள்ளும் அட்டைத் தடுப்பு வைத்து, ஐந்தடுக்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும். இங்கே பபிள் ராப் அவ்வளவு உதவாது. கனத்தின் அடியில் குமிழ்கள் வெடித்துவிடும். பபிள் ராப் இலேசான, உடையக்கூடிய பொருளுக்கானது. 1957இல் ஆல்ஃபிரட் ஃபீல்டிங்கும் மார்க் ஷவானும் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் அதைச் செய்யப் பார்த்தார்கள். பிறகு ஐபிஎம் தன் கணினிகளை அனுப்ப அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. எல்லாப் பொருளுக்குமான மருந்தாக அதை எண்ணுவது நம் பழக்கம் மட்டுமே.

புடவைக்குப் பெட்டியே வேண்டாம். துணி உடையாது, நசுங்கினால் கெடாது. தேவைப்படுவது நீர் புகாமை ஒன்றுதான். பருத்தித் துணியில் மடித்து, ஒரு மெல்லிய பாலித்தீன் உறையில் இட்டால் போதும். ஆனாலும் புடவை பெரிய அலங்காரப் பெட்டியில், அந்தப் பெட்டி இன்னொரு பெட்டியில், இடைவெளியில் பபிள் ராப் என்று போகிறது. மரியாதையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் புரிகிறது. திருமணப் பரிசாக அனுப்பினால் அலங்காரப் பெட்டி வேண்டும்தான். சாதாரண வாங்குதலுக்கு அந்த மரியாதையை அழகாக மடித்த துணியே தந்துவிடும்.

பூஜைப் பொருள் தொகுப்பு அனுப்புபவர்கள் சூடத்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். ஐக்கிய நாட்டு அமைப்பின் அபாயப் பொருள் பட்டியலில் செயற்கைச் சூடத்துக்கு 2717 என்ற எண் உண்டு. எரியும் திடப்பொருள் வகையைச் சேர்ந்தது. தீப்பெட்டியும் அந்த வகையே. ஊதுபத்தி, குங்குமம், திரி இவற்றோடு ஒரு சூட டப்பாவையும் தீப்பெட்டியையும் போட்டு வெளிநாட்டுக்கு விமான அஞ்சலில் அனுப்பினால், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது விதி மீறல். எவ்வளவு நல்ல பொதி கட்டினாலும் இது சரியாகாது. அந்த இரண்டையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மல்லிகை தனிக் கதை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி போன்ற மலர்கள் விடியுமுன் மொட்டாகப் பறிக்கப்பட்டு, பனிக்கட்டியோடு தெர்மாகோல் பெட்டியில் விமானமேறி வருகின்றன. அந்தப் பெட்டி இங்கே நீல மறுசுழற்சித் தொட்டியில் ஏற்கப்படாத பொருள். அது பெரும்பாலும் காற்றாலானது. எடை இல்லாமல் இடத்தை மட்டும் நிறைக்கிறது. ஆனால் பூவுக்கு அதைவிடச் சிறந்த மாற்று இன்றைக்கு எளிதில் கிடைப்பதில்லை. எனவே வந்த பெட்டியைத் துடைத்து, உள்ளூரில் மாலை அனுப்ப மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவதே செய்யத் தக்கது. மாலை போகும் இடம் பெரும்பாலும் கோயில், திருமண மண்டபம். அங்கிருந்து பெட்டியைத் திரும்ப எடுத்து வர முடியும்.

அட்டையின் பலமும் பலவீனமும்

நெளிவு அட்டை முதலில் பெட்டிக்காகப் பிறக்கவில்லை. 1856இல் இங்கிலாந்தில் தொப்பிக்குள் வைக்கும் அடுக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். 1871இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்ற அதைப் பயன்படுத்தினார். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளிவுத் தாள் இருந்தால் மூன்றடுக்கு. இரண்டு நெளிவுகள் இருந்தால் ஐந்தடுக்கு. நெளிவின் உயரத்துக்கும் வகைகள் உண்டு: ‘இ’ வகை ஏறத்தாழ ஒன்றரை மி.மீ., ‘பி’ மூன்று, ‘சி’ நான்கு. மெல்லியது அச்சுக்கு அழகு, சிறிய பொருளுக்குப் போதும். தடித்தது அடுக்கைத் தாங்கும்.

பெட்டி தாங்கும் பலத்தின் பெரும்பகுதி அதன் மூலைகளில்தான் இருக்கிறது. அந்தப் பலம் ஈரத்தில் கரைகிறது. 50 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒரு பெட்டி தாங்கும் எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் 90 விழுக்காட்டில் அது தாங்கும் என்பது பொதித்துறையின் பொதுவான கணக்கு. உலர்ந்த நாட்டில் அளந்து எழுதிய ‘இத்தனை கிலோ தாங்கும்’ என்ற முத்திரையைச் சிங்கப்பூரில் அப்படியே நம்பக்கூடாது. கடையின் பின்கட்டில், குளிர்சாதனம் இல்லாத இடத்தில், தரையில் அடுக்கி வைத்த தட்டைப் பெட்டிகள் பயன்படுமுன்பே தளர்ந்துவிடுகின்றன. தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல், குறைவாக வாங்கி வைப்பது நல்லது.

லிட்டில் இந்தியாவுக்கு ஓர் இயற்கையான வாய்ப்பு உண்டு. இந்தக் கடைகளுக்கு நாள்தோறும் இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சரக்கு வருகிறது, பலவும் நீண்ட பயணத்தைத் தாங்கக் கட்டிய ஐந்தடுக்குப் பெட்டியில். காலையில் பின்சந்துகளில் அவை மடித்து அடுக்கப்படுகின்றன. ஒரு பகுதியை அட்டை சேகரிக்கும் முதியவர்கள் தள்ளுவண்டியில் எடுத்துப் போகிறார்கள். அது அவர்கள் உழைப்பின் வருமானம். அவர்களுக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. நல்ல மூலைகளோடு வந்த பெட்டியில் ஒரு பங்கை எடுத்துவைத்தாலே, அந்தக் கடை குத்துவிளக்குக்கும் எண்ணெய் டின்னுக்கும் புதிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. நசுங்கிய மூலையுள்ளதை விட்டுவிட வேண்டும். பழைய முகவரிச் சீட்டையும் பட்டைக்குறியையும் முழுவதும் மறைக்க வேண்டும்; இல்லையென்றால் பிரிப்பு இயந்திரம் பழைய குறியைப் படித்துப் பொதியை வேறு எங்கோ அனுப்பிவிடும். பூச்சி இருந்த அரிசிப் பெட்டியில் பலகாரம் அனுப்பக்கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. மெத்தைக்கும் அட்டையே உதவும்: பழைய பெட்டியை வலைபோல நறுக்கித் தரும் சிறு இயந்திரங்கள் விற்கின்றன. நாலைந்து கடைகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

எடைக்கு முன் இடம்

கூரியர் நிறுவனங்கள், குறிப்பாக வெளிநாட்டு விரைவுச் சேவைகள், பொதியின் எடையையும் அது அடைக்கும் இடத்தையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. இடத்தை எடையாக மாற்றும் வழக்கமான கணக்கு, நீளம் × அகலம் × உயரம் ÷ 5000. அளவு சென்டிமீட்டரில், விடை கிலோவில். ஒன்றரைக் கிலோ தீபாவளிப் பலகாரத்தை 40 × 30 × 25 பெட்டியில் வைத்தால் அதன் ‘எடை’ 6 கிலோ. அதே பலகாரத்தை 30 × 20 × 15 பெட்டியில் அடக்க முடிந்தால் 1.8 கிலோ. முதல் பெட்டியில் வாடிக்கையாளர் நாலு கிலோவுக்கும் மேலான காற்றுக்குப் பணம் தருகிறார். அந்தக் காற்றை நிரப்ப வாங்கிய பொருளுக்கும் அவரே தருகிறார்.

உள்ளூரில் இந்தக் கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் அஞ்சல்பெட்டிக்குள் போகும் சிறு பொதிக்கு அஞ்சல் நிறுவனமான சிங்போஸ்ட் வைத்திருக்கும் அளவு 32.4 × 22.9 × 6.5 செ.மீ., எடை 2 கிலோ வரை. அந்த அளவுக்குள் அடங்கிய பொதி பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். செருப்பு அலமாரியின் மேல் மழையில் கிடக்காது, ஆள் இல்லை என்று திரும்பிப் போகாது, வேன் இரண்டாம் முறை வரத் தேவையில்லை. புடவையின் மடிப்பை ஒரு சுற்று மாற்றினால் அடங்கும். கால் கிலோ மசாலாப் பொட்டலங்களைத் தட்டையாகச் செய்து பக்கம் பக்கமாகப் படுக்கவைத்தால் அடங்கும். இதற்காகவே பொட்டலத்தின் வடிவத்தை மாற்றுவது தகும். சிறு கடைக்கு என் பரிந்துரை: அஞ்சல்பெட்டி அளவில் ஒரு பெட்டி, நடுத்தரம் ஒன்று, உறுதியான பெரியது ஒன்று. பெரியதற்குச் சரக்குப் பெட்டிகளே போதும் என்பதால் வாங்க வேண்டியவை இரண்டுதான். குறுகிய பின்கட்டிலும் அவற்றை வைக்க முடியும்.

எரிக்கும் நாட்டில் மட்கும் உறை

இனி மூலப்பொருள். சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எரிஆலைக்குப் போகிறது. எரிப்பதால் அதன் கன அளவு 90 விழுக்காடு வரை குறைகிறது. எஞ்சும் சாம்பல் செமக்காவ் தீவின் நிரப்புநிலத்துக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதற்குப்பின் அனுப்ப வேறு தீவு இல்லை. வீட்டுக் குப்பையில் எடைப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதி என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். 2023இல் வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 12 விழுக்காடு. நாடு முழுவதுமான கணக்கில் பிளாஸ்டிக் 5 விழுக்காடு, காகிதமும் அட்டையும் 31. நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவோ திரவமோ பட்டுக் கெட்டுப்போனதாகவோ மறுசுழற்சிக்கு உதவாததாகவோ இருக்கிறது.

இந்த நிலையில் ‘மட்கும்’ என்று எழுதிய உறைக்குக் கூடுதல் விலை தருவதால் என்ன நடக்கிறது? தொழிற்சாலை முறையில் மட்குவதற்கு ஏறத்தாழ 58 டிகிரி வெப்பம் வாரக்கணக்கில் வேண்டும். வீடுகளிலிருந்து அந்த உறையைத் தனியே சேகரித்து அப்படி மட்கவைக்கும் ஏற்பாடு இங்கு இல்லை. அதுவும் மற்றதோடு எரிகிறது. 2018இல் வாரியம் செய்வித்த வாழ்க்கைச் சுழற்சி ஆய்வு, பிளாஸ்டிக்கை வேறு ஒருமுறைப் பொருளால் மாற்றுவது சுற்றுச்சூழலுக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றே கண்டது. காரணம் இங்கே எல்லாம் எரிக்கப்படுகிறது. சில ‘மட்கும்’ உறைகள் வெறும் பிளாஸ்டிக்கில் சிதைக்கும் வேதிப்பொருள் சேர்த்தவை. அவ்வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021இலேயே தடை செய்துவிட்டது.

காகிதத்துக்கு ஒரு நியாயம் உண்டு. எரியும்போது பிளாஸ்டிக் விடுவது நிலத்தடி எண்ணெயின் கரி, காகிதம் விடுவது மரத்தின் கரி. தனியே சேகரித்தால் அட்டை உண்மையாகவே மறுசுழற்சிக்குப் போகிறது. ஆனால் அதே வேலையைச் செய்யும் காகித உறை பாலித்தீனைவிடக் கனம், செய்வதற்கு நீரும் ஆற்றலும் அதிகம் வேண்டும். பிளாஸ்டிக் டேப்பும் பபிள் ராப்பும் ஒட்டிய அட்டையைப் பிரிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆகவே பெட்டியை அனுப்பினால் காகித டேப், காகித மெத்தை என்று முழுவதும் ஒரே இனமாக அனுப்புவது நல்லது. துணிக்கு மெல்லிய பாலித்தீன் உறை என்றால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அமேசான் தன் இந்தியக் கிடங்குகளில் 2020இல் ஒருமுறைப் பிளாஸ்டிக் பொதியைக் கைவிட்டது. 2024இல் வட அமெரிக்காவில் காற்றுத் தலையணைகளுக்குப் பதில் காகிதத்துக்கு மாறியது. எரிக்கப்படாத பிளாஸ்டிக் ஆற்றுக்கும் தெருவுக்கும் போகக்கூடிய இடங்களில் அது பொருளுள்ள முடிவு. சிங்கப்பூரில் அதைவிடப் பெரிய பலன் தருவது அளவைக் குறைப்பதும் அதே பெட்டியை மீண்டும் பயன்படுத்துவதும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

2007இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பொதி உடன்பாடு நிறுவனங்கள் விரும்பிச் சேர்ந்த ஏற்பாடாக இருந்தது. 2019இன் வள நிலைத்தன்மைச் சட்டத்துக்குப் பின், ஆண்டு விற்றுமுதல் 1 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்கள் தாம் பயன்படுத்தும் பொதியின் கணக்கையும் அதைக் குறைக்கும் திட்டத்தையும் ஆண்டுதோறும் வாரியத்துக்குத் தர வேண்டும். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கின்றன. பானக் கலனுக்கு 10 காசு வைப்புத்தொகை வாங்கித் திருப்பித் தரும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. இவை எதுவும் இணையப் பொதிக்குள் எவ்வளவு காற்று இருக்கலாம் என்று சொல்லவில்லை.

வேறு நாடுகள் சொல்லத் தொடங்கிவிட்டன. தென்கொரியா 2024 ஏப்ரல் 30 முதல் இணையப் பொதியில் வெற்றிடம் பாதியைத் தாண்டக்கூடாது என்று விதித்தது, இரண்டாண்டுச் சலுகைக் காலத்தோடு. ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் நடப்புக்கு வந்த பொதி விதியில் 2030 முதல் அதே 50 விழுக்காட்டு உச்சவரம்பை வைத்திருக்கிறது. இடப் பற்றாக்குறையை நம்மைவிட அறிந்த நாடு இல்லை. அப்படியொரு வரம்பு இங்கும் வர வேண்டும் என்பதே என் நிலை. கணக்குக் கேட்பதோடு நிற்பது போதாது. வரும்போது பெரிய சந்தைத் தளங்களிலிருந்து தொடங்கி, சிறு கடைகளுக்குக் காலம் தர வேண்டும்.

அதற்குக் காத்திராமல் இப்போதே ஒன்று செய்யலாம். ஒவ்வொரு கடையும் தனித்தனியே நூறு பெட்டி வாங்கினால் விலை அதிகம், அளவும் விற்பவர் தருவதுதான். லிட்டில் இந்தியா வர்த்தகர்கள் மரபுடைமைச் சங்கமான லிஷா போன்ற அமைப்பு முன்வந்து, அஞ்சல்பெட்டி அளவில் ஒன்றும் நடுத்தரத்தில் ஒன்றுமாக இரண்டு பெட்டிகளை மொத்தமாகச் செய்யச் சொல்லி உறுப்பினர்களுக்குப் பங்கிடலாம். நல்ல சரக்குப் பெட்டிகள் மிகுந்த கடையிலிருந்து இல்லாத கடைக்குப் போக ஓர் ஏற்பாடு செய்யலாம். வணிகர்களே, அடுத்த தீபாவளி விற்பனைக்கு முன் உங்கள் பண்டங்களை ஒவ்வொன்றாகப் பொதித்து மேசையிலிருந்து போட்டுப் பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் ‘பயன்படுத்திய பெட்டியில் அனுப்பலாம்’ என்று ஒரு கட்டத்தைச் சேருங்கள். வாங்குபவர்களே, அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பொருள் பத்திரமாக வந்திருந்தால், பெட்டியின் மேல் அரிசி நிறுவனத்தின் பெயர் இருந்ததற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.